தாடியும் சமய நெறியும்
(மோர்மன் மக்களின் வரலாற்றில் ஒரு பகுதி)

சமயங்கள் உள்ளத் தூய்மையைப் பேசத் தொடங்கினாலும், உடலின் தோற்றத்தைப் பற்றியும் ஏதேனும் ஒன்றைச் சொல்லாமல் விடுவதில்லை. சீக்கியர் முடியைக் களையாமல் காக்கின்றனர். பௌத்தத் துறவியர் முடியை முழுதும் களைகின்றனர். செயல்கள் எதிரெதிரானவை. ஆயினும் இரண்டும் சமயப் பற்றின் அடையாளங்களாகவே மதிக்கப்படுகின்றன. இத்தகைய விதிகளுள் பல மிகப் பழமையானவை. ஆதலால் ஒரு விதி எப்போது பிறந்தது, யார் அதனை விதித்தனர், எந்த அச்சம் அதற்குக் காரணமாயிற்று என்பனவற்றைத் தெளிவுறக் காண்பது அரிது.

அமெரிக்க நாட்டில் தோன்றிய மோர்மன் சமயமோ இருநூறு ஆண்டுகளுக்கு உட்பட்ட வரலாற்றை உடையது. அதன் தலைவர்களின் நிழற்படங்களும் உரைகளும் ஆணைகளும் பெரும்பாலும் அழியாமல் கிடைக்கின்றன. எனவே தோற்றம் பற்றிய ஒரு விதி அறிவுரையாகப் பிறந்து, கட்டளையாக இறுகி, பின்னர் நெகிழ்வதை ஆண்டு குறித்தே காண இயலுகின்றது. சிறியதொரு தளர்வு பெரியதொரு வீழ்ச்சிக்கு வாயிலாகும் என்னும் எண்ணம் அவ்விதிக்கு எவ்வாறு உயிரூட்டியது என்பதையும் அதனோடு சேர்த்து அறியலாம்.

சபையின் தோற்றம்

1830ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள், நியூயார்க் மாநிலத்தில், ஜோசப் ஸ்மித் என்னும் 24 வயது இளைஞர் ஒரு சபையை நிறுவினார். அதே ஆண்டில் அவர் வெளியிட்ட மோர்மன் நூலின் பெயரால் அவரைப் பின்பற்றியோர் மோர்மன்கள் என அழைக்கப்பட்டனர். சபையின் முறையான பெயர் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்பதாகும். 2023ஆம் ஆண்டின் இறுதியில் அதன் உறுப்பினர் தொகை உலகெங்கும் 1 கோடியே 70 இலட்சத்தைக் கடந்திருந்தது.

தொடக்க காலம் துன்பம் மிகுந்தது. 1838இல் மிசூரி மாநில ஆளுநர், மோர்மன்கள் மாநிலத்தை விட்டு விரட்டப்பட வேண்டும் அல்லது ஒழிக்கப்பட வேண்டும் என ஆணையிட்டார். 1844 சூன் 27ஆம் நாள், இல்லினாய் மாநிலத்துக் கார்த்தேஜ் சிறையில் ஜோசப் ஸ்மித் ஒரு கும்பலால் சுட்டுக் கொல்லப்பட்டார். எஞ்சியோர் பிரிகாம் யங்கின் தலைமையில் மேற்கு நோக்கி நெடும்பயணம் செய்து, 1847 சூலையில் உப்பு ஏரிப் பள்ளத்தாக்கை அடைந்தனர். அங்கும் அமைதி நிலைக்கவில்லை. பலதார மணத்தை முன்னிட்டு அமெரிக்க அரசு அவர்களோடு நீண்ட காலம் போராடியது. 1890இல் சபை அவ்வழக்கத்தைக் கைவிடுவதாக அறிவித்தது. 1896இல் யூட்டா ஒரு மாநிலமாயிற்று.

இவ்வரலாறு மோர்மன் மக்களின் உள்ளத்தில் இரண்டு எண்ணங்களை ஊன்றியது. கட்டுப்பாடு குலைந்தால் சமுதாயமே குலையும் என்பது ஒன்று. ஊரார் கண்ணுக்கு நல்ல குடிமக்களாகத் தோன்ற வேண்டும் என்பது மற்றொன்று. பிற்காலத்தில் எழுந்த தோற்ற விதிகளுக்கு இவ்விரண்டு எண்ணங்களும் தாயும் தந்தையும் போன்றவை.

தாடி வளர்த்த தலைவர்கள்

சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித் தாடியில்லாதவர். அஃது அவர் காலத்து வழக்கம். அடுத்துத் தலைமையேற்ற பிரிகாம் யங் முதுமைக் காலத்தில் தாடியோடு விளங்கினார். அவருக்குப் பின் வந்த ஜான் டெய்லர், வில்ஃபர்ட் உட்ரஃப், லோரன்சோ ஸ்னோ, ஜோசப் எஃப். ஸ்மித், ஹீபர் ஜே. கிராண்ட், ஜார்ஜ் ஆல்பர்ட் ஸ்மித் ஆகிய அறுவரும் தாடி உடையவர்களே. 1951இல் மறைந்த ஜார்ஜ் ஆல்பர்ட் ஸ்மித்தே தாடியோடு தலைமைப் பீடத்தில் இருந்த இறுதி மனிதர். 1847 முதல் 1951 வரை, ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக, இச்சபையின் தீர்க்கதரிசிகள் எனப் போற்றப்பட்டோர் அனைவரும் தாடி வைத்திருந்தனர். அக்காலத்தில் தாடியைப் பக்திக்கு மாறானது என ஒருவரும் கருதவில்லை. அதனைப் பக்தியின் சின்னமென்றும் எவரும் வற்புறுத்தவில்லை. அமெரிக்க ஆடவர் பலர் தாடி வைத்தனர், மோர்மன்களும் வைத்தனர்.

1904இல் கில்லெட் என்பவர் தம் பாதுகாப்புச் சவரக் கத்திக்குக் காப்புரிமை பெற்றார். நாவிதரின் துணையின்றி ஒவ்வொருவரும் நாள்தோறும் வீட்டிலேயே முகம் மழித்துக்கொள்ள வழி பிறந்தது. முதல் உலகப் போரில் நச்சுப்புகைக்குத் தப்ப அணிந்த முகமூடி முகத்தோடு நன்கு பொருந்த வேண்டியிருந்தமையால், வீரர் மழித்த முகத்தோடு இருத்தல் இன்றியமையாததாயிற்று. போர் முடிந்து திரும்பியோர் அப்பழக்கத்தை விடவில்லை. அலுவலகப் பணியாளரும் வணிகரும் மழித்த முகத்தையே ஒழுங்கின் அறிகுறியாகக் கொண்டனர். 1951இல் சபைத் தலைவரான டேவிட் ஓ. மெக்கே தாடியற்றவர். அவருக்குப் பின் வந்த தலைவர்களும் அவ்வாறே அமைந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கேலிச்சித்திரங்களில் மோர்மன் என்றாலே நீண்ட தாடியும் பல மனைவியரும் உடைய கிழவராக வரையப்பட்டமையை நினைத்தால், மழித்த முகம் அவர்களுக்கு ஒருவகை விடுதலையாகவும் இருந்திருக்கும் எனக் கருத இடமுண்டு.

இதுவரை நடந்தது வழக்கத்தின் மாற்றமே. விதி இன்னும் பிறக்கவில்லை.

பல்கலைக்கழகத்தில் பிறந்த விதி

யூட்டா மாநிலத்தின் புரோவோ நகரில் சபை நடத்தும் பிரிகாம் யங் பல்கலைக்கழகம் உள்ளது. 1875இல் ஒரு கல்விக்கூடமாகத் தொடங்கி 1903இல் பல்கலைக்கழகம் என்னும் பெயர் பெற்றது. அங்கு 1949ஆம் ஆண்டளவில் மாணவர்களின் முயற்சியால் ஒரு நன்னெறி உறுதிமொழி உருவாயிற்று. தேர்வில் ஏமாற்றாமை முதலிய கல்வி நேர்மையே அதன் தொடக்கப் பொருள். 1951 முதல் 1971 வரை பல்கலைக்கழகத் தலைவராக விளங்கிய எர்னஸ்ட் எல். வில்கின்சன் காலத்தில் அவ்வுறுதிமொழி படிப்படியாக விரிந்தது. மது, புகையிலை ஆகியவற்றை விலக்கல், கற்பொழுக்கம் என்பன சேர்ந்தன. உடையும் தோற்றமும் அதனுள் வந்தன.

அவ்விரிவுக்கு அக்காலச் சூழலே காரணம். 1960களில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் கொந்தளித்தன. வியட்நாம் போரை எதிர்த்து மாணவர் ஊர்வலங்கள் நடந்தன. ஹிப்பிகள் எனப்பட்ட இளைஞர் நீண்ட முடியும் தாடியும் கொண்டு, போதைப்பொருளையும் கட்டற்ற உறவையும் விடுதலை எனப் போற்றினர். 1970 மே 4ஆம் நாள் ஒகாயோ மாநிலத்துக் கென்ட் பல்கலைக்கழகத்தில் தேசியக் காவற்படையினர் சுட்டதில் மாணவர் நால்வர் உயிரிழந்தனர். நாடெங்கும் பெற்றோர் கலங்கினர். புரோவோ நகரத்து வளாகம் மட்டும் அமைதியாக இருந்தது. அங்கு மாணவரின் குறுமுடியும் மழித்த முகமும் அவ்வமைதியின் வெளிச்சின்னங்களாகக் காட்டப்பட்டன.

இவ்வச்சம் மோர்மன்களுக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. அதே 1970களில் சிங்கப்பூரிலும், நீண்ட முடி வைத்த ஆடவருக்கு இறுதியாகவே சேவை வழங்கப்படும் என்னும் அறிவிப்புகள் அரசு அலுவலகங்களில் ஒட்டப்பட்டன. ஹிப்பிப் பண்பாட்டைக் கண்டு அஞ்சியவற்றுள் சமயமும் உண்டு, அரசும் உண்டு.

டாலின் ஓக்ஸின் விளக்கம்

1971இல் டாலின் எச். ஓக்ஸ் என்னும் சட்ட அறிஞர் தம் 38ஆம் வயதில் அப்பல்கலைக்கழகத்தின் தலைவரானார். தோற்ற விதிகளைப் பற்றி அவர் மாணவர்க்கு ஆற்றிய உரை, அவ்வாண்டு டிசம்பரில் சபையின் இளைஞர் இதழில் வெளியாயிற்று. அவ்வுரையின் நேர்மை போற்றத்தக்கது. தாடியிலும் நீண்ட முடியிலும் இயல்பாகவே தீமை ஏதும் இல்லை என்பதை அவர் ஒப்புக்கொண்டார். வெறுமையான மதுப்புட்டியை வீட்டில் வைத்திருப்பதிலும் தீமை இல்லை. ஆனால் காண்போர் என்ன நினைப்பர் என்பதை எண்ண வேண்டும் என்று ஓர் உவமை கூறினார். அக்காலத்தில் தாடியும் நீண்ட முடியும் எதிர்ப்பு, புரட்சி, போதைப் பழக்கம் ஆகியவற்றோடு தொடர்புபடுத்தப்பட்டமையால் அவை விலக்கப்பட்டன என விளக்கினார். இவ்விதிகள் அக்காலத்துச் சமுதாய நிலைக்கு ஏற்ப அமைந்த நடைமுறை விதிகளே என்றும், பிற்காலத்தில் மாற்றப்படாமல் இருந்தால் தமக்கு வியப்பாக இருக்கும் என்றும் அவர் கூறினார்.

விதியை விதித்தவரே அதன் காலவரம்பையும் உணர்த்திவிட்டார். மகளிர் உடையைப் பொறுத்தவரை அவர் வாக்கு பொய்க்கவில்லை. அவ்வளாகத்தில் மகளிர் காற்சட்டை அணிய 1971இலும், நீலத் துணியாலான ஜீன்ஸ் அணிய 1981இலும், முழங்கால் அளவுக் குறுங்காற்சட்டை அணிய 1991இலும் இசைவு கிடைத்தது. ஆனால் தாடி விலக்கு அசையவில்லை. ஹிப்பிகள் மறைந்தனர். வியட்நாம் போர் 1975இல் முடிந்தது. அமெரிக்காவில் மருத்துவரும் வழக்கறிஞரும் பேராசிரியரும் தாடி வைக்கத் தொடங்கினர். பிறப்பித்த காரணம் மறைந்த பின்னும் விதி மட்டும் நிலைத்து நின்றது. அதனைத் தாங்கி நின்றது எது என்பதே இவ்வரலாற்றின் மையமான வினா.

வழுக்குச் சரிவு என்னும் சிந்தனை

ஒரு விதியின் முதற்காரணம் மறைந்தால், அதனைக் காக்க வேறொரு காரணம் வந்து சேர்வது உலக இயற்கை. இங்கு வந்து சேர்ந்தது வழுக்குச் சரிவு என்னும் சிந்தனை. இன்று தாடிக்கு இசைந்தால் நாளை நீண்ட முடிக்கு இசைய நேரும். மறுநாள் உடையில் ஒழுங்கு குலையும். அதன்பின் ஒழுக்கமும், இறுதியில் நம்பிக்கையுமே அழியும் என்பது அதன் வடிவம்.

மோர்மன் மக்களிடையே இச்சிந்தனைக்கு ஆழமான வேர் உண்டு. தீயவன் முதலில் மெல்லிய நார்க்கயிற்றைக் கழுத்தில் இட்டு இழுத்துச் சென்று, பின்னர் அறுக்க இயலாத வலிய கயிறுகளால் பிணிப்பான் என்னும் கருத்து மோர்மன் நூலிலேயே உள்ளது. மனிதரை ஏமாற்றி அவன் மெல்ல மெல்ல நரகுக்குக் கொண்டு செல்வான் எனவும் அந்நூல் எச்சரிக்கின்றது. சமய உரைகளில் பன்முறை சொல்லப்படும் கதை ஒன்றும் உண்டு. மலைப்பாதையில் வண்டியோட்ட ஆள் தேடிய ஒருவர், வந்தவர்களிடம் பாறை விளிம்பிற்கு எவ்வளவு அருகில் வண்டியைச் செலுத்த இயலும் எனக் கேட்டார். ஒருவன் ஓரடி என்றான். மற்றவன் அங்குலக் கணக்குச் சொன்னான். விளிம்பிலிருந்து எவ்வளவு விலக முடியுமோ அவ்வளவு விலகியே செல்வேன் என்றவனுக்கே வேலை கிடைத்தது.

இச்சிந்தனையை வெறும் அச்சம் என ஒதுக்கிவிடல் முறையன்று. தீய பழக்கம் சிறிது சிறிதாகவே வளர்கின்றது. முதற்கோப்பை மது இரண்டாம் கோப்பையை எளிதாக்குகின்றது. முதற்பொய் அடுத்த பொய்யை வேண்டுகின்றது. இவ்விடங்களில் ஒருபடிக்கும் அடுத்தபடிக்கும் இடையே உண்மையான காரணத் தொடர்பு இருக்கின்றது. வண்டியோட்டியின் கதையும் விளிம்பு எங்கே உள்ளது என்பது தெரிந்த மலைக்குப் பொருந்தும்.

தாடியின் நிலை வேறு. முகத்தில் வளரும் முடி, மது அருந்தும் விருப்பத்தை உண்டாக்குவதில்லை. ஒரு காலத்தில் மது அருந்தியோரும் போதைப்பொருள் உண்டோரும் தாடி வைத்திருந்தனர் என்பதே தொடர்பு. அத்தொடர்பு அடையாளத்தால் வந்தது, காரணத்தால் வந்ததன்று. அடையாளத்தின் பொருள் காலத்தோடு மாறும். 1870இல் தாடி முதுபெருந்தலைவரைக் குறித்தது. 1970இல் கலகக்காரரைக் குறித்தது. 2010இல் ஏறத்தாழ எதனையும் குறிக்கவில்லை. ஓக்ஸ் தம் உரையில் அடையாளத்தைப் பற்றியே பேசினார். பின்வந்தோர் பலர் அதனைக் காரணமாக மாற்றிக்கொண்டனர். காலவரம்புடைய விதி காலம் கடந்த நெறியாகத் தோன்றலானது இவ்விடத்திலேயே.

ஒரு சோடிக் காதணி

அடையாளமும் காரணமும் அன்றி, மூன்றாவதாக ஒரு வாதமும் எழுந்தது. அதற்குச் சிறந்த சான்று காதணி.

1995 முதல் 2008 வரை சபைத் தலைவராக இருந்த கார்டன் பி. ஹிங்கிலி, 2000ஆம் ஆண்டில் இளைஞர்க்கு ஆற்றிய உரையில், உடலில் பச்சை குத்துதலைக் கண்டித்தார். மகளிர் காதில் ஒரு சோடி அணி போதும் என்றும் கூறினார். 1965 முதல் சபை வெளியிட்டு வந்த இளைஞர் கையேட்டின் 2001ஆம் ஆண்டுப் பதிப்பில் இவ்வறிவுரை இடம்பெற்றது.

2005 மே மாதம், சபையின் பன்னிரு அப்போஸ்தலருள் ஒருவரான டேவிட் ஏ. பெட்னார், பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் ஓர் உரை நிகழ்த்தினார். அதில் ஓர் இளைஞனைப் பற்றிக் கூறினார். அவன் ஒரு பெண்ணை விரும்பினான். திருமணம் பற்றியும் எண்ணினான். அந்நிலையில் ஹிங்கிலியின் அறிவுரை வெளிவந்தது. அப்பெண்ணோ இரண்டாம் சோடிக் காதணியைக் கழற்றவில்லை. இளைஞன் பொறுமையோடு காத்திருந்தான். பின்னர் அவளை விட்டு விலகினான். அவன் மிகக் கடுமையாக நடந்துகொண்டான் எனச் சிலர் நினைக்கக்கூடும் என்பதையும் பெட்னார் கூறாமல் விடவில்லை. ஆனால் சிக்கல் காதணியைப் பற்றியதன்று. தீர்க்கதரிசியின் சொல்லைக் கேட்டவுடன் அதனைக் கவனித்து நடக்கும் இயல்பு பற்றியது என்பதே அவர் உணர்த்திய பாடம்.

இவ்வாதத்தில், காதணியில் தீமை உண்டா என்னும் வினாவுக்கே இடமில்லை. அது தீமையற்றது என்பதனாலேயே சிறந்த சோதனையாகின்றது. பெரிய கட்டளைக்குப் பணிவோர் பலர். காரணம் புலப்படாத சிறு கட்டளைக்கும் பணிபவரே உண்மையான பற்றாளர் என்னும் எண்ணம் இதன் அடியில் உள்ளது. நம்புவோர்க்கு இது வலிமையான வாதம். சிறியவற்றில் கீழ்ப்படியாதவர் பெரியவற்றில் எங்ஙனம் கீழ்ப்படிவர் என அவர்கள் கேட்டனர். ஆயினும் அதன் விலையும் சிறிதன்று. ஒரு பெண்ணின் இரக்கம், நேர்மை, உழைப்பு ஆகியன அவ்வுரையில் எடை போடப்படவில்லை. காதில் இருந்த ஒரு துளி உலோகமே அவளுடைய ஆன்மாவின் அளவுகோலாயிற்று.

2022 அக்டோபர் பொது மாநாட்டில் அதே இளைஞர் கையேட்டின் புதிய பதிப்பை டீட்டர் எஃப். உக்டார்ஃப் அறிமுகப்படுத்தினார். அதில் விதிகளின் நீண்ட பட்டியல் இல்லை. நெறிகளைக் கூறி, அவற்றைச் செயற்படுத்தும் பொறுப்பை இளைஞரிடமே அது விட்டது. எத்தனை சோடிக் காதணி என்னும் எண்ணிக்கையும் அதில் இடம்பெறவில்லை. கீழ்ப்படிதல் அந்நாளில் வேண்டப்பட்டது. இந்நாளில் பகுத்தறிதல் வேண்டப்படுகின்றது எனச் சபையார் அமைதி கூறுவர். அஃது ஏற்கத்தக்கதாகவே இருப்பினும், இடைப்பட்ட இருபத்தோராண்டுகளில் காதணியால் அளக்கப்பட்டோரின் மனக்காயத்தை எந்தப் பதிப்பும் திருத்த இயலாது.

மாறாதெனக் கருதப்பட்ட உடை

சரிவைப் பற்றிய அச்சம் எந்த அளவு மெய்யாயிற்று என்பதை அறிய, இன்னும் பழைய நிகழ்ச்சி ஒன்று துணைபுரிகின்றது. ஆலயச் சடங்குகளில் பங்கேற்ற மோர்மன்கள் புறவுடைக்குள் ஒரு புனித உள்ளாடையை அணிகின்றனர். 1840களில் தோன்றிய அவ்வாடை, தொடக்கத்தில் கை மணிக்கட்டு வரையிலும் கால் கணுக்கால் வரையிலும் நீண்டிருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புற உடைகளின் பாணி மாறியபோது, சிலர் அதனைச் சுருக்கத் தலைப்பட்டனர். 1906இல் அப்போதைய சபைத் தலைவர் ஜோசப் எஃப். ஸ்மித், இறைவன் அளித்த அவ்வடிவத்தைச் சிறிதும் மாற்றலாகாது எனச் சபை இதழில் கண்டித்து எழுதினார். காலப் பாணிக்கு இணங்குதல் உடன்படிக்கையையே மீறுவதாகும் என்பது அவர் கருத்து.

பதினேழு ஆண்டுகளே கழிந்தன. 1923இல் அவருக்குப் பின்வந்த ஹீபர் ஜே. கிராண்டின் தலைமையில், கை முழங்கை அளவாகவும் கால் முழங்கால் அளவாகவும் சுருங்கிய வடிவத்துக்குச் சபையே இசைவளித்தது. 1979இல் இருபகுதியாக அமைந்த வடிவம் வந்தது. 2024இல் வெப்பம் மிகுந்த நாடுகளுக்காகக் கையில்லாத வடிவமும் அறிவிக்கப்பட்டது. இம்மாற்றங்களால் ஆலயங்கள் மூடப்படவில்லை. உடன்படிக்கையும் மறக்கப்படவில்லை. ஆடை சுருங்கிய அதே நூற்றாண்டிலேயே சபை உலகெங்கும் பரவியது. சரிவின் முதற்படியில் கால் வைத்தோர் அடிவாரத்தில் விழவில்லை, படியிலேயே நின்றனர். படிகள் இருக்கும் இடத்தில் நிற்கவும் முடியும் என்பதைச் சரிவுச் சிந்தனை மறந்துவிடுகின்றது.

சரிவின் மறுபக்கம்

மற்றொன்றும் கருதத்தக்கது. தளர்வின் திசையில் மட்டுமன்றிக் கண்டிப்பின் திசையிலும் சரிவு உண்டு.

1833 பிப்ரவரியில் ஜோசப் ஸ்மித் வெளியிட்ட உணவு நெறி, மதுவையும் புகையிலையையும் சூடான பானங்களையும் விலக்குமாறு கூறியது. அது கட்டளையாக அன்றி அறிவுரையாகவே அளிக்கப்பட்டது என்பது அதன் தொடக்கத்திலேயே குறிக்கப்பட்டுள்ளது. தொண்ணூறு ஆண்டுகளுக்குள், கிராண்டின் காலத்தில், அதனைக் கைக்கொள்ளாதவர் ஆலயத்துள் நுழைய இசைவு பெற இயலாத நிலை வந்தது. மதுவும் புகையிலையும் உடலுக்குக் கேடு என்பதில் ஐயமில்லை; எனவே அவ்விதி நன்மையே விளைத்தது. ஆயினும் அறிவுரை கட்டளையாகும் வழியை அது காட்டுகின்றது. தேர்வு நேர்மைக்காக எழுந்த உறுதிமொழி, மழிக்கப்படாத முகவாயைத் தேடும் விதியானதும் அவ்வழியேதான். ஒவ்வொரு படியும் சிறியது. ஒவ்வொன்றும் நல்லெண்ணத்தால் எடுக்கப்பட்டது. வேலியைக் காக்க மற்றொரு வேலி. அதனைக் காக்க இன்னொன்று. இறுதியில் காவலர் வேலிகளையே எண்ணிக்கொண்டிருப்பர். உள்ளே பயிர் எவ்வாறு உள்ளது என்பதைப் பார்க்க நேரமிராது.

இந்நிலையின் முரண் அவ்வளாகத்து மாணவர்க்குப் புலப்படாமல் இல்லை. சபைக் கூடங்களில் தொங்கும் இயேசுவின் ஓவியங்கள் தாடியோடு விளங்குகின்றன. பல்கலைக்கழகம் எவர் பெயரைத் தாங்கியுள்ளதோ அவர் தம் முதுமைக் கோலத்தில் அங்குச் சேர வந்தால், முதலில் நாவிதரிடம் அனுப்பப்படுவார் என்னும் நகைச்சுவை மாணவரிடையே வழங்கிற்று. 2014 செப்டம்பரில் மாணவர் சிலர் தாடிக்கு இசைவு வேண்டி மிதிவண்டி ஊர்வலம் நடத்தினர். 2015இல் பல்கலைக்கழகம் தோல்நோய், நாடக நடிப்பு ஆகியவற்றோடு, பிற சமயத்தாரின் சமயக் கடமைக்காகவும் தாடிக்கு விலக்கு உண்டு எனத் தெளிவுபடுத்தியது. 2023இல் விதிகள் சுருக்கப்பட்டு, நெறிகளுக்கு முதன்மை தரப்பட்டபோதும், ஆடவர் முகம் மழித்திருக்க வேண்டும் என்னும் வரி நீங்கவில்லை.

மாற்றம் வந்த இடங்களில் அழிவு வந்ததா என்பதையும் வரலாறு காட்டுகின்றது. 2018 டிசம்பரில், சமயப் பணிக்குச் செல்லும் மகளிர் பாவாடைக்கு மாற்றாகக் காற்சட்டை அணியவும் சபை இசைந்தது. கொசுவால் பரவும் நோய்களிலிருந்து காப்பும், குளிர்நாடுகளில் வசதியும் அதற்குக் காரணங்களாகச் சொல்லப்பட்டன. மகளிர் பணியும் தொடர்ந்தது, பக்தியும் தொடர்ந்தது.

முடிவுரை

தலையை மொட்டையடிப்பதா, சடையை வளர்ப்பதா என்னும் வினா தமிழ் மக்களுக்குப் புதியதன்று. கூடாவொழுக்கம் என்னும் அதிகாரத்தில் வள்ளுவர், உலகம் பழிக்கும் செயல்களை விட்டவனுக்கு இவ்விரண்டுமே தேவையில்லை என்றார். அடையாளத்தையும் ஒழுக்கத்தையும் அவர் பிரித்துக் காட்டினார். மோர்மன் மக்களின் வரலாறும் அப்பிரிவின் தேவையையே உணர்த்துகின்றது.

அம்மக்களின் அச்சம் பொய்யன்று. துன்புறுத்தப்பட்ட ஒரு சிறு கூட்டம், தன் பிள்ளைகளை இழந்துவிடுவோமோ என அஞ்சுவது இயற்கை. பிள்ளைகளின் உள்ளத்தைக் கண்ணால் காண இயலாத பெரியோர், கண்ணுக்குத் தெரியும் முடியையும் உடையையும் பற்றிக்கொள்கின்றனர். பள்ளிக்கூடம் நடத்துவோர்க்கும் குடும்பம் நடத்துவோர்க்கும் இஃது அறிமுகமான அச்சமே. ஆனால் ஒரு விதியை ஏற்படுத்தும்போது அதன் காரணத்தையும் சேர்த்து எழுதிவைத்தல் வேண்டும். காரணம் மறைந்த நாளில் விதியை மீண்டும் ஆராயும் துணிவும் வேண்டும். இல்லையேல் நேற்றைய அச்சம் இன்றைய அறமாக நிலைத்து, குற்றமற்றவர் குற்றவாளிகளாக நிற்க நேரும்.

1971இல் இவ்விதிகள் மாறாவிட்டால் வியப்படைவேன் என்ற டாலின் ஓக்ஸ், 2025 அக்டோபரில், தம் 93ஆம் வயதில், சபையின் 18ஆம் தலைவராகப் பொறுப்பேற்றார். அவ்வுரை நிகழ்ந்து 54 ஆண்டுகள் கடந்திருந்தன. ஹிப்பிகளின் காலம் முடிந்து நெடுநாள் ஆகியிருந்தது. அவர் தலைவராக இருந்த பல்கலைக்கழகத்தின் 2023ஆம் ஆண்டு விதியேட்டில் மட்டும், மழித்த முகம் பற்றிய அந்த வரி அப்படியே இருந்தது.